இராப்பலகையும் கணிப்பலகையும்

காஞ்சிபுரத்திலிருந்து பேச வருகிறவர் பட்டைப் பற்றிப் பேசுவார். இல்லாவிடில் கோயிலைப் பற்றிப் பேசுவார். நான் படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காஞ்சியில் கடல் ஏது, படகு ஏது என்று மாணவ நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் பழைய செய்தி ஒன்றைக் கேளுங்கள்.

ஏழாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் பல்லவர் தலைநகராகிய காஞ்சிக்கும் வந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர், காஞ்சி தென்னாட்டின் கடல்வாயில் என்றும், அங்கிருந்து ஈழத்துக்கு மூன்று நாள் கடற்பயணம் என்றும் குறித்து வைத்தனர். ஊர் கடலினின்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆயினும் ஊரின் கதவு கடற்கரையில் இருந்தது. அந்தக் கதவுக்கு மாமல்லபுரம் என்று பெயர். 2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கரையூர்கள் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. ஆகவே காஞ்சிக்காரன் ஒருவன் படகைப் பற்றிப் பேசுவது அத்துமீறல் ஆகாது.

அந்தக் கதவின் வழியே புறப்பட்ட மாலுமி நடுக்கடலில் தான் இருக்கும் இடத்தை எவ்வாறு அறிந்தான்? கரை மறைந்த பின் அவனுக்குத் துணை வானமே. தமிழ்க் கடலோடிகளும் இலட்சத்தீவு மாலுமிகளும் கையாண்ட கருவி ஒன்றை, மும்பைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராய் இருந்த பி. அருணாசலம் அவர்கள் விரிவாக ஆராய்ந்தார். அதற்கு இராப்பலகை என்று பெயர். அராபியர் அதனைக் கமால் என்றனர். உள்ளங்கை அளவுள்ள ஒரு மரப்பலகை. அதன் நடுவில் ஒரு துளை. துளையில் கோத்த ஒரு கயிறு. கயிற்றில் சில முடிச்சுகள். கருவி இவ்வளவே.

மாலுமி கயிற்றின் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்துக்கொள்வான். கயிறு விறைக்கும்படி பலகையை முன்னே நீட்டிப் பிடிப்பான். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொட வேண்டும். மேல்விளிம்பு துருவ மீனைத் தொட வேண்டும். எந்த முடிச்சைக் கடித்தால் இரண்டும் பொருந்துகின்றனவோ அந்த முடிச்சே விடை. துருவ மீன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை வட அகலாங்கில் நாம் இருக்கிறோம். மாலுமிகள் இதனைப் பாகையில் எண்ணாமல் விரலில் எண்ணினர். ஒரு விரல் என்பது ஏறத்தாழ 1.6 பாகை. இன்றைய வானத்தில் மாமல்லபுரத்துக்கு எட்டு விரலுக்குச் சற்றுக் குறைவு. கோடியக்கரைக்கு ஆறரை விரலுக்குச் சற்றுக் குறைவு. ஊருக்கு ஒரு முடிச்சு இருந்தால் போதும், திரும்பி வருகிறவன் தன் ஊர் முடிச்சுப் பொருந்தும் வரை வடக்கிலோ தெற்கிலோ ஓடி, பிறகு மேற்கே திரும்பிக் கரையைப் பிடிப்பான். கிழக்கு மேற்குத் தொலைவை மட்டும் பலகை சொல்லாது. மேகம் மூடினால் எதையும் சொல்லாது.

இன்றைய பேச்சுக்கு உரியது இன்னொரு பலகை. அதற்குச் செல்லும் வழி, நம்ப மாட்டீர்கள், எங்கள் வீட்டுத் தறியின் வழியாகவே செல்கிறது.

நான் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோத்துத் தொங்கும். ஒவ்வொரு முறை மிதியை மிதிக்கும்போதும் ஓர் அட்டை முன்வரும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதற்குரிய பாவு இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் அன்னமும் மயிலும் முந்தானையில் எழும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் இதனை நிலைநாட்டினார். இங்கிலாந்தில் சார்லசு பாபேசு என்னும் கணித அறிஞர், தம் கணிப்பொறிக்குக் கட்டளை இடுவதற்கு இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். அவர் காலத்தில் அந்தப் பொறி முற்றுப்பெறவில்லை. ஆனால் கருத்து நிலைத்துவிட்டது. இன்றைய கணினியின் உள்ளேயும் உண்டு, இல்லை என்னும் அந்த இரண்டு சொற்களைத் தவிர மூன்றாம் சொல் கிடையாது.

ஒரு கணக்குச் சொல்லுகிறேன். 240 கொக்கிகள் உள்ள பெட்டிக்கு ஓர் அட்டையில் 240 உண்டு-இல்லைகள். ஆயிரம் அட்டை கொண்ட ஒரு புட்டாவுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். எட்டை ஒன்றாகக் கட்டி ஒரு பைட்டு என்று கணினியார் வழங்குவர். ஆகவே 30 ஆயிரம் பைட்டு. நான் பேச வந்த சிறு கணினியின் நினைவகமாகிய, கட்டைவிரல் நகத்தளவுள்ள 32 கிகாபைட்டு அட்டையில் இத்தகைய புட்டாக்கள் பத்து இலட்சத்துக்கு மேல் அடங்கும். என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது, "அத்தனையையும் நெய்வது யார்?" என்று கேட்டார். அதற்கு விடை என்னிடம் இல்லை.

இனி அந்தச் சிறு கணினிக்கு வருவோம். ஒரே பலகையில் செயலி, நினைவகம், திரைக்கும் விசைப்பலகைக்கும் உரிய வாயில்கள் அனைத்தையும் பதித்துச் செய்தது ஒற்றைப்பலகைக் கணினி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜு நகரத்தார் சிலர், பள்ளிப் பிள்ளைகள் கணினியைத் திறந்து பார்த்துக் கற்க வேண்டும் என்று கருதிச் செய்த ராஸ்பெரி பை என்னும் பலகை 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். வங்கி அட்டையின் அளவுதான். அன்று அதன் விலை 35 டாலர். பிள்ளைகளுக்கென்று செய்த பொருளைப் பெரியவர்கள் பறித்துக்கொள்வது உலக வழக்கம் அன்றோ? பாய்மரப் படகு வைத்திருந்த சிலர் அதனை எடுத்துப் படகுக்குள் வைத்தனர்.

அவர்கள் அதில் ஏற்றிய மென்பொருள்களுள் புகழ்பெற்றது ஓப்பன் சி.பி.என். என்பது. கடல்வரைபடத்தைத் திரையில் விரித்து, அதன்மேல் படகின் உருவத்தை நிறுத்தி, போகும் திசை, வேகம், செல்ல வேண்டிய வழி, வழியில் உள்ள ஆழம், அருகில் வரும் கப்பல் ஆகியவற்றைக் காட்டுவது அதன் தொழில். அதற்கு விலை இல்லை. அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. விரும்புகிறவர் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். பெருங்கப்பல்களில் இதே தொழிலைச் செய்யும் பெட்டியின் விலை ஒரு மீனவக் குடும்பத்தின் பல ஆண்டு வருவாயை விழுங்கிவிடும்.

படகு எங்கே இருக்கிறது என்பது பலகைக்கு எப்படித் தெரியும்? பலகைக்குத் தெரியாது. அதற்கு ஒரு செவி வேண்டும். தீப்பெட்டி அளவுள்ள ஏற்பி ஒன்றை அதனோடு இணைக்கிறோம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க நாட்டு ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஓயாமல் கூவிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூவல் ஒளியின் வேகத்தில் வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். எத்தனை நேரம் பிடித்தது என்று அறிந்தால் எத்தனை தொலைவு என்று அறியலாம். மூன்று கோள்களின் தொலைவு இடத்தைத் தரும். நம் ஏற்பியின் மலிவான கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள நான்காவது வேண்டும். நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் இடம் 300 மீட்டர் பிழைக்கும். இராப்பலகை வானத்தின் உயரத்தை அளந்தது; இது வானத்தின் நேரத்தை அளக்கிறது.

நம் நாட்டுக்கும் இத்தகைய கோள்கள் உண்டு. 2013 சூலை முதல் நாள் முதற்கோளும், 2016 ஏப்ரல் 28ஆம் நாள் ஏழாவது கோளும் சீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. அந்த அமைப்புக்கு நாவிக் என்று பெயரிட்டனர். அதன் வழி எல்லாம் பூவழியாக அமையவில்லை. முதற்கோளிலிருந்த அணுக்கடிகாரங்கள் பழுதுபட்டன. 2025 சனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 என்னும் கோள் தனக்குரிய பாதையை எட்ட இயலவில்லை. சொந்தக் கடிகாரம் வைத்துக்கொள்வது எளிதன்று என்பதை நம் பொறியியலார் துன்பப்பட்டே கற்றுவருகின்றனர்.

ஏற்பி தான் அறிந்ததைப் பலகைக்கு ஒரு வாக்கியமாகச் சொல்லும். வாக்கியம் என்றே அதனை வழங்குகின்றனர். டாலர்க் குறியில் தொடங்கும். நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, வேகம், திசை, தேதி என்று கால்புள்ளி இட்டு இட்டுச் செல்லும். இறுதியில் உடுக்குறியும் சரிபார்ப்பு எண்ணும் வரும். வழியில் ஓர் எழுத்து சிதைந்தாலும் அந்த எண் பொருந்தாது. பலகை அந்த வாக்கியத்தைத் தள்ளிவிடும். கோர்வைச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் இடையே ஓர் இழை தவறினால் நெசவாளர் கண் அதை உடனே கண்டுகொள்ளும். அதுபோன்ற ஒரு காவல்.

ஆனால் காவல் இருந்தும் நாங்கள் வழுக்கினோம். கல்லூரியில் என்னிடம் பயின்ற மாணவர் சிலர், பிறர் எழுதிய மென்பொருளைப் பயன்படுத்துவதற்கு முன் தாங்களே சிறு நிரல் ஒன்று எழுதிப் பார்க்க விரும்பினர். நல்ல விருப்பம். எழுதினர். மாமல்லபுரத்துக் கரையில் நின்று ஏற்பியை இணைத்தோம். திரையில் எங்களைக் குறிக்கும் புள்ளி கல்பாக்கத்தையும் தாண்டித் தெற்கே நின்றது! ஏற்பி பழுது என்றார் ஒருவர். வானத்தில் கோளாறு என்றார் இன்னொருவர். பிழை எங்களிடமே இருந்தது. ஏற்பி 1237 என்று அனுப்புகிறது. அதன் பொருள் 12 பாகை 37 கலை. நாங்களோ அதனை 12.37 பாகை என்று படித்துவிட்டோம். ஒரு பாகைக்கு 60 கலை அன்றோ? 37 கலை என்பது 0.6167 பாகை. இரண்டுக்கும் வேற்றுமை ஏறத்தாழ 0.25 பாகை; கடல்மைலில் 15; கிலோமீட்டரில் 27க்கு மேல். சரிபார்ப்பு எண் ஓர் எழுத்தும் சிதையவில்லை என்று சான்று சொன்னது. சொன்னது மெய்யே. எழுத்து சரி, படித்தவர் பிழை. அன்று நாங்கள் கரையில் நின்றமையால் சிரித்தோம். இரவில் கரை தேடும் படகில் நின்றிருந்தால் எவரும் சிரித்திருக்க மாட்டோம்.

அடுத்த மாதம் கடலுக்கே சென்றோம். முதிய மீனவர் ஒருவர் தம் ஃபைபர் படகில் எங்கள் மூவரை ஏற்றிக்கொள்ள இசைந்தார். பன்னிரண்டு வோல்ட்டு மின்கலம் ஒன்றையும், அதனை ஐந்து வோல்ட்டாகக் குறைக்கும் கருவியையும், பலகையையும் ஒரு சோற்றுத் தூக்கு அளவுள்ள பிளாஸ்டிக்குப் பெட்டியில் அடைத்து எடுத்துச் சென்றோம். பலகை ஏறத்தாழ ஐந்து வாட்டு மின்சாரம் உண்ணும். ஏழு ஆம்பியர்-மணி மின்கலம், திரையைச் சேர்க்காமல், எட்டு மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டிருந்தோம். கணக்கில் குறையில்லை. நாங்கள் வாங்கிய கம்பிதான் மெலிதாக இருந்தது. மெலிந்த கம்பியில் மின்னழுத்தம் இறங்கும். இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் குறி ஒன்று தோன்றும். கரையிலேயே அது தோன்றித் தோன்றி மறைந்தது. அழகாக இருக்கிறதென்று விட்டுவிட்டோம்.

அலைவாயைக் கடக்கும்போது படகு எழுந்து எழுந்து விழும். அதைச் சொல்லி விளக்க இயலாது. அமர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது அலையில் திரை அணைந்தது. பெட்டியைத் திறந்து கம்பியை இறுக்கினோம். பலகை எழுந்து மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. ஒரு மணி நேரம் எல்லாம் செவ்வனே நடந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது ஏராளம். பெரியவர் பொறியை நிறுத்தினார். படகின் மூக்கு கிழக்கே பார்த்து நின்றது. திரையில் அம்பு வடக்கே காட்டியது. "உங்கள் பெட்டி திசை தெரியாமல் உளறுகிறதே, வாத்தியாரே" என்றார். பிறகு நீரைப் பார்த்தார்; வலைக் கயிற்றின் சாய்வைப் பார்த்தார். "இல்லை, இல்லை, அது சொல்வது சரி. தெண்டி ஓடுகிறது" என்றார்.

தெண்டி என்பது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. நம் கரையோர மீனவர் வழக்கு இது. ஏற்பி அறிவது படகு நகரும் திசையை மட்டுமே. படகின் முகம் எத்திசை நோக்குகிறது என்பதை அது அறியாது. அதற்குத் தனியே காந்தத் திசைகாட்டி உணரி வேண்டும். பொறி நின்றபின் படகை நகர்த்தியது நீரோட்டம். அந்த நகர்ச்சியையே அம்பு காட்டியது. நூலில் படித்திருந்தும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. நூல் படிக்காதவருக்குத் தோன்றியது.

நண்பகல் வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியவில்லை. துண்டை மூடி அதற்குள் தலையை விட்டுப் பார்த்தோம். அதன்பின் மீண்டும் ஒரு முறை மின்சாரம் அறுந்தது. இம்முறை பலகை எழவேயில்லை. நினைவக அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அட்டையின் எழுத்துகள் குலைந்துவிடும். பாதி நெய்த அட்டைமாலை அறுந்து கலைந்தது போலத்தான். படகில் வைக்கும் பலகைக்கு அட்டையை எழுத இயலாதபடி பூட்டிவைக்கும் முறை உண்டு. மாற்று அட்டை ஒன்று பையில் இருத்தல் வேண்டும். மின்சாரம் அறுந்தால் ஒழுங்காக அணைவதற்கு அவகாசம் தரும் சிறு மின்கலமும் வேண்டும். இம்மூன்றும் எங்களிடம் இல்லை. உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பூக்கும் என்பதும், மூடிய பெட்டிக்குள் செயலி கொதிக்கும் என்பதும் பின்னால் கற்றவை.

திரும்பும் வழி? பெரியவர் மேற்கே பார்த்தார். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் நீர்விளிம்பில் இருக்கிறது. அதற்கு மேற்கே, ஏறத்தாழ நேர் பின்னால், குன்றின்மேல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. கோயிலுக்குப் பின்னே விளக்கம் பொருந்தி நின்றால் நாம் ஊருக்கு நேர் கிழக்கே இருக்கிறோம். விளக்கம் கோயிலுக்கு வலப்புறம் விலகித் தெரிந்தால் வடக்கே தள்ளப்பட்டிருக்கிறோம். இடப்புறம் விலகினால் தெற்கே. அன்று வலப்புறம் விலகியிருந்தது. தெண்டி தன் வேலையைச் செய்திருந்தது. அவர் சுக்கானைத் தெற்கே சாய்த்தார். சிறிது நேரத்தில் கோயிலும் விளக்கமும் ஒன்றன் பின் ஒன்றாய் நின்றன.

இதனைக் கேட்டு, பழையதே போதும், பலகை வேண்டாம் என்று சொல்லுவோர் உண்டு. நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் எழுந்தது. பல நாள் தங்கி மீன் பிடிக்கும் படகுகள் அதற்கு முன்பே நெடுந்தொலைவு சென்றிருந்தன. கரையிலிருந்து சில கிலோமீட்டர் சென்றாலே கைப்பேசி அலை அற்றுப்போகும். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கேட்க வேண்டியவர் கடலில் இருந்தனர். எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் விண்மீனையும் நீரோட்டத்தையும் அறியாதவர் அல்லர். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு செய்தி.

அதன் பின்னர் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி வெளிவர வழிசெய்தது. ககன் துணைக்கோள்களின் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன்வளப் பகுதிச் செய்தியையும் பெற்று மீனவரின் கைப்பேசிக்குத் தருவது அது. கேட்கும், ஆனால் பேசாது. கடலில் தவிப்பவன் கரைக்கு ஒரு சொல் அனுப்ப அதனால் இயலாது. இருவழியும் செய்தி செல்லத்தக்க கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது.

பாக்கு நீரிணைக்குச் சென்றால் வேறொரு துன்பம். இந்தியாவும் இலங்கையும் 1974லும் 1976லும் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி நீரின்மேல் ஒரு கோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைத் தாண்டினால் படகும் போகும், சிறையும் கிட்டும். சிறு பலகையில் அந்தக் கோட்டை வரைந்துவைத்து, இரண்டு கடல்மைலுக்கு முன்பே மணி அடிக்கும்படி செய்வது ஒரு கல்லூரி மாணவர் ஒரு மாலையில் செய்துமுடிக்கும் வேலை. தெரியாமல் தாண்டுகிறவருக்கு அது காவல். தெரிந்தே மீனின் பின்னால் செல்லுகிறவரை எந்த மணியும் நிறுத்தாது. அது வேறு வழக்கு, வேறு மன்றத்தில் தீர வேண்டியது.

மணி அடித்தபின் திரையில் தோன்றும் சொல் எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கடையில் வாங்கும் பூட்டிய பெட்டி ஆங்கிலத்தில் பேசினால் ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளில் "எல்லை அருகில்" என்று தமிழில் எழுதுவதற்கு எவரிடத்திலும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. தெண்டி, வன்னி என்றே நீரோட்டத்தைக் காட்டலாம். நம் மாணவர்கள் இதில் கைவைப்பதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

கடல்வரைபடத்தைப் பற்றி ஒரு சொல். நம் கடல்களுக்குரிய வரைபடங்களை டேராடூனிலுள்ள தேசிய நீரளவை அலுவலகம் வெளியிடுகிறது. மலைநகரத்தில் கடலைப் பற்றிய அலுவலகம், காஞ்சியில் படகைப் பற்றிய பேச்சு, இரண்டும் ஒத்துப்போகின்றன. மின்வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பரப்பைப் பார்ப்பதற்காகப் படத்தைச் சுருக்கினால் சிறு பாறைகளும் திட்டுகளும் திரையிலிருந்து மறைந்துவிடும். படம் நிரம்பி வழியக்கூடாது என்று மென்பொருள் அவற்றை ஒளித்துவைக்கிறது. 2014 நவம்பர் 29ஆம் நாள், உலகைச் சுற்றும் படகுப் பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்டு என்னும் பாய்க்கலம், நம் இந்துமாக்கடலிலேயே, மொரிசியசைச் சேர்ந்த கார்கடோசு கராஜோசு என்னும் பவளத்திட்டில் இரவில் முழுவேகத்தில் மோதியது. உலகின் தேர்ந்த மாலுமிகள், விலையுயர்ந்த கருவிகள். திட்டு வரைபடத்தில் இருந்தது. படத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பாராமையால் அது கண்ணுக்குத் தோன்றவில்லை. நல்வாய்ப்பாக ஒன்பது பேரும் உயிர்பிழைத்தனர். பழைய காகித வரைபடத்தை மேசையில் விரித்திருந்தால் அந்தத் திட்டு அங்கேயே கிடந்திருக்கும். இக்காரணத்தால்தான் சட்டப்படி கருவி வைத்திருக்க வேண்டிய பெருங்கப்பல்களுக்கு, சோதித்துச் சான்று பெற்ற பெட்டியும் அதற்கு மாற்றும் கட்டாயம். சிறு பலகைக்கு அத்தகைய சான்று இல்லை. அது துணைவன், தலைவன் ஆகாது.

கடலுக்குச் செல்ல வாய்ப்பில்லாத மாணவர் காஞ்சியிலேயே ஒரு சோதனை செய்யலாம். பலகையையும் ஏற்பியையும் வீட்டு மொட்டைமாடியில் வையுங்கள். மென்பொருளில் தடம் பதியும்படி செய்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். காலையில் பார்த்தால் வீடு இரவெல்லாம் ஊர்ந்து திரிந்தது போலச் சில மீட்டர் அகலத்துக்கு ஒரு சிக்கல் நூல் திரையில் கிடக்கும். வீடு நகரவில்லை; அது ஏற்பியின் ஐயத்தின் அளவு. பிறகு ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரத்து அடியில் நின்று அதே சோதனையைச் செய்யுங்கள். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய அந்தக் கோபுரம் வானத்தின் ஒரு பாதியை மறைக்கும். கோள்களின் அலை கல்லில் பட்டுத் தெறித்துச் சுற்றி வரும். நூலின் சிக்கல் இன்னும் அகலும். இரண்டு சிக்கலின் அகலத்தையும் மீட்டரில் அளந்து, நாளும் நேரமும் இட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். கூடவே ஓர் இரவு, மரப்பலகை ஒன்றில் துளையிட்டுக் கயிறு கோத்து, வடக்கே துருவ மீனையும் பாருங்கள். காஞ்சியில் அது எட்டு விரல் உயரத்தில் நிற்கும். அடிவானம் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஊருக்குள் நின்றால் வீடுகள் மறைக்கும். ஏரிக்கரை நல்ல இடம்.